மிச்சம் பதினெட்டு

ஜூன் 3, திங்கள்

வேலைக்குப் போனேன். திரும்பி வந்தேன். இடது கை வலிக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று எழுதியது மூன்றே வாக்கியம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியமாவது எழுத வேண்டும் என்கிறாள். எழுதினால் மூளை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமாம். அப்படிச் சொல்லும் ஆய்வு எதையும் அவள் எனக்குக் காட்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வலது கை இன்னும் பேனாவை நம்பவில்லை, அதனால் இடது கையால்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில், பல் துலக்கும்போது பக்கவாதம் வந்தது. காலில் பலம் திரும்பிவிட்டது. பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. என் பெயர் கோகிலவாணி. இப்படிப் பெயர் கொண்டவளுக்குப் போய்ப் பேச்சு நின்றுபோனதை ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் ரசித்தார்கள்.

ஜூன் 6, வியாழன்

எங்கள் நிறுவனம் விவசாயிகளிடம் விதை நெல்லை வளர்க்கக் கொடுத்து, வாங்கி, மூட்டை போட்டு விற்பது. பரிசோதனைக் கூடம் என்னுடையது. இருபத்திரண்டு வருடம் முளைப்பு அறிக்கையில் ‘பரிசோதகர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. இப்போது அங்கே மேலாளர் முரளிதரன் கையெழுத்துப் போடுகிறார். நல்ல மனிதர். நெல் நாற்றையும் கோரைப் புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழிப்பார்.

“மூணு மாசம் பார்க்கலாங்க மேடம். ஆகஸ்ட் கடைசில பேசலாம்” என்றார். அதற்குள் நான் சரியாக இருந்தால் கையெழுத்தும் நாற்காலியும் எனக்கு. இல்லையென்றால் உடல்நலக் காரணம் என்று ஒரு தாள்.

நான் அந்தத் தாளை வாங்கப்போவதில்லை. இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

கூடத்து உதவியாளர் ஆக்னஸ் என் நாற்காலியில் புதிய குஷன் போட்டிருக்கிறாள். ஊதா நிறம். நான் இல்லாத பதினான்கு மாதமும் கூடத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான். குஷன் போடுகிறவள் உட்காரவும் நினைத்திருப்பாள்.

“பிடிச்சிருக்குங்களா மேடம்?”

“பழையது என்ன ஆயிற்று?”

“அது எலி தின்னுபோச்சுங். எலிக்கும் உங்க மேல பாசம், உட்கார்ந்த எடத்தையே தேடித் தின்னுருக்குது.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

ஜூன் 13, வியாழன்

வேலை முறை மாறியிருக்கிறது, என்னால். முன்பெல்லாம் நானே எண்ணி நானே எழுதுவேன். இப்போது நான் எண்ணிச் சொல்கிறேன், ஆக்னஸ் எழுதுகிறாள்.

ஈரத்தாளில் நூறு நெல்லை வரிசையாக வைத்து, சுருட்டி, பதினான்கு நாள் முளைப்பு அறையில் நிறுத்துவோம். பிறகு பிரித்து, நல்ல நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி வாளியில் போடுவேன். தாளில் மிஞ்சுவது கோணல் நாற்று, அழுகியது, முளைக்காதது. நல்லவற்றின் எண்ணிக்கையை உரக்கச் சொல்வேன். ஒரு குவியலுக்கு இப்படி நான்கு சுருள், நான்கின் சராசரி. நெல்லுக்கு 80 தேற வேண்டும். 79 என்றால் அது விதை இல்லை, அரிசி.

கண் பழையபடி இருக்கிறது. வேர் குறைந்த நாற்றை விரல் தொடும் முன்பே கண் ஒதுக்கிவிடுகிறது. இது போய்விடுமோ என்றுதான் பதினான்கு மாதமும் பயந்தேன்.

ஒரு தொந்தரவு: எண்ணி முடித்ததும் ஆக்னஸ் என் தோள்மேல் சாய்வதுபோல் வந்து நிற்கிறாள். தாளை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள். மேற்பார்வை!

ஜூன் 19, புதன்

ரத்த அழுத்தம் பார்த்தேன். கீழ் எண் 82. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“எழுபத்திரண்டா? அட, நல்லா இருக்குதே வாணி” என்று சந்தோஷப்பட்டார். சீட்டை நீட்டினேன். பார்த்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் முப்பது வருடம் இருந்தால் காது இப்படித்தான் ஆகும். டாக்டரிடம் போகச் சொன்னேன்.

“போறேன்” என்றார். அவர் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொள்பவர் இல்லை.

ஜூன் 24, திங்கள்

மருந்துக் கடைப் பையனுக்கும் காது மந்தம். எங்கள் கதவு எண்ணைச் சொன்னால் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்.

ஜூன் 27, வியாழன்

ஸ்டோர் குப்புராஜ் ரகசியம் சொல்லும் குரலில் வந்தார். “உங்களுக்குத் தெரியுங்களா மேடம், ஆக்னஸ் பரிசோதகர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்குது.”

தெரியாது. தெரிந்ததாகத் தலையாட்டினேன்.

இன்று அவள் தோள்மேல் வந்து நின்றபோது, “கொஞ்சம் தள்ளி நில், எனக்குக் காற்று வேண்டும்” என்றேன். தள்ளி நின்றாள். நான் முகம் கழுவப் போய்த் திரும்பினால், நான் எண்ணி முடித்த தாளின் மேல் குனிந்து கிடக்கிறாள். உதடு அசைகிறது.

“என்ன தேடுகிறாய்?”

“கம்மலோட திருகாணி விழுந்துருச்சுங்.”

இரண்டு காதிலும் திருகாணி இருந்தது.

ஜூலை 5, வெள்ளி

ஆக்னஸ் மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கத் திருச்சி போகிறாள். திங்கள், செவ்வாய், புதன் விடுப்பு. போகுமுன் விசித்திரமாக நடந்துகொண்டாள்.

“ரத்தினசாமி அண்ணனோட நெல்லு செவ்வாய்க்கெழம எண்ணணுமில்லங். நான் வந்தப்பறம் எண்ணிக்கலாங்களா?”

“பதினான்காம் நாள் பதினான்காம் நாள்தான். குப்புராஜ் எழுதுவார்.”

“ரெண்டு நாள்தானுங்களே மேடம்…”

“ஏன், நீ இல்லாவிட்டால் நெல் முளைக்காதா?”

அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

குப்புராஜ் நன்றாக எழுதினார். தோள்மேல் நிற்கவில்லை. சொன்னதை எழுதினார், அடுத்த சுருளுக்குக் காத்திருந்தார். எண்ணிய தாள்களையும் கையோடு குப்பையில் போட்டுவிட்டார். நிம்மதியான நாள்.

ரத்தினசாமியின் நெல் அழகு. ஒரே உயரம், வெள்ளை வேர். நாற்றைப் பிடித்து இழுக்கும்போது தாள் லேசாகக் கிழிகிறது, அவ்வளவு பிடிப்பு.

ஜூலை 12, வெள்ளி

ஒன்றுமில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. வலது கையால் கரண்டியைப் பிடித்தேன்.

ஜூலை 15, திங்கள்

ரத்தினசாமி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், அமராவதிக் கரையில் நாலு ஏக்கர், பன்னிரண்டு வருடமாக எங்களுக்கு விதை நெல் வளர்ப்பவர். கையில் முரளிதரன் கையெழுத்துப் போட்ட கடிதம். முளைப்பு 72, குவியல் நிராகரிக்கப்படுகிறது.

“ஏனுங்க மேடம், நான் வீட்டுல கோணிச்சாக்குல நூறு போட்டுப் பார்த்தேனுங்க. எண்பதுக்கு மேல வந்துச்சுங்க. இத்தன வருசத்துல ஒருக்கா என் நெல்லு திரும்பி வந்துருக்குதுங்களா? நாளக்கழிச்சு ஆடி பொறக்குது. ஊருக்குள்ள என்னங்க சொல்லுவேன், ரத்தினசாமி வெதைக்குப் பதிலா பதரக் குடுத்தான்னு பேசுவானுக.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அது நல்ல நெல், நான் எண்ணினேன். பதிவேட்டை எடுத்தேன். குப்புராஜின் கையெழுத்தில் 72, 71, 74, 71.

குப்புராஜைக் கூப்பிட்டேன். ரத்தினசாமி முன்னாலேயே கேட்டேன். “எண்பதுக்கும் எழுபதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?”

அவர் முகம் வெளுத்துப்போனது. “நீங்க சொன்னதத்தானுங்க மேடம் எழுதுனேன். சாமி சத்தியமா.”

“நான் சொன்னது எனக்குத் தெரியாதா?”

முரளிதரன் வந்தார். குப்புராஜைத் திரும்பக் குடோனுக்கு அனுப்புவதாகச் சொன்னார். மூட்டை தூக்கி முதுகு போய் அங்கிருந்து ஸ்டோருக்கு வந்தவர் அவர். குப்புராஜ் வெளியே போனார்.

நான் ஆக்னஸைப் பார்த்தேன். “நீயே சொல், நான் இப்படித் தப்பாகச் சொல்கிறவளா?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள், பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

ஜூலை 16, செவ்வாய்

எல்லோருக்கும் முன்னால் போனேன். பதிவேட்டை ஜூன் முதல் தாளிலிருந்து புரட்டினேன். ஆக்னஸின் குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலில், மிகச் சிறியதாக, எண்கள். 17, 14, 19, 16. பேனாவில் எழுதிய 83, 86, 81, 84-க்கு நேராக.

புரிய நேரம் ஆனது. இரண்டையும் கூட்டினால் நூறு. தாளில் மிஞ்சியதை எண்ணியிருக்கிறாள். நான் வாயால் என்ன சொன்னாலும், மிச்சத்தை எண்ணி, நூறிலிருந்து கழித்து, அதைத்தான் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு சுருளுக்கும், நான் கை கழுவும் நேரத்தில், ஆறு வாரம்.

எனக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முந்திய பதிவேடுகளையும் பார்த்தேன். ஓரங்களில் ஒன்றுமில்லை.

ஆக்னஸ் உள்ளே வந்தாள். என் மடியில் இருந்ததைப் பார்த்தாள். கைப்பையை மாட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“எப்போதிலிருந்து?” என்றேன்.

“மொத நாள்லருந்துங். எழுபதையும் எண்பதையும் மட்டும்தான் மாத்துவீங்க. மத்ததெல்லாம் சுத்தமா வருது. அதுவும் எப்பவும் இல்ல, களைப்பா இருந்தா.”

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா மறுநாள் வருவீங்களா?”

வந்திருக்க மாட்டேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

“கண்ணு தப்பவே இல்லீங் மேடம். நான் மிச்சத்த எண்ணிக்கிட்டே பாப்பேன், ஒரு கோணல் நாத்தக்கூட நீங்க விட்டதில்ல. வாய்தான். அது கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு இருந்தேன். திருச்சிக்குப் போகாம இருந்திருக்கணும்.”

“பரிசோதகர் பரீட்சை?”

“போன வருசம் கட்டுனது, மார்ச்சுல எழுதுனேன். பெயிலு. உங்களுக்கு வாய்ல கணக்கு வரல, எனக்குப் பேப்பர்ல.” பிறகு குரலைத் தணித்தாள். “மேனேஜருகிட்ட நான் பேசிக்கறேன் மேடம். குப்புராஜ் அண்ணனுக்கும் காது கொஞ்சம் மந்தம்தான். அவர் காதுலதான் தப்புன்னு விட்டுருங்க. நெல்ல மறுபடி போட்டா 80-க்கு மேல வந்துரும். யாருக்கும் தெரிய வேண்டியதில்ல.”

யோசிக்கிறேன் என்றேன்.

வீட்டில் கணவருக்குக் காது மந்தம். மருந்துக் கடைப் பையனுக்குக் காது மந்தம். குப்புராஜுக்கும். படித்தவள் நான், மூன்று முறை ஒரே விளைவு வந்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் அவரிடம் கேட்டேன். “காது டாக்டரிடம் போனீர்களா?”

“போனேன் வாணி. காது நல்லா இருக்குதுன்னாரு.” சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

முரளிதரன் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். ஒரு தாளில் 82 என்று எழுதி மேசைமேல் வைத்தேன்.

“இதைப் பார்த்துச் சொல்கிறேன், கேளுங்கள்” என்றேன். சொன்னேன்.

என் காதுக்கு அது சரியாகவே கேட்டது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“மேடம்… மறுபடி சொல்லுங்க.”

மறுபடி சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

“குப்புராஜ் நான் சொன்னதைத்தான் எழுதினார். அவரைக் குடோனுக்கு அனுப்பக் கூடாது. ரத்தினசாமியின் நெல்லில் குற்றமில்லை” என்றேன். இதைச் சொல்ல நிறைய நேரம் ஆனது. ஆனால் ஒரு சொல்கூட இடம் மாறவில்லை.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே.”

“தெரிந்திருக்காது.”

கதவு தட்டாமலே திறந்தது. ஆக்னஸ், கையில் பதிவேடு. வெளியே நின்று கேட்டிருக்கிறாள், அதை மறைக்கவும் இல்லை. பென்சில் எண்களை அவர்முன் விரித்து வைத்தாள். “சார், இதையும் பாத்துருங்க. நாப்பத்தெட்டு சுருளு. ஒண்ணுலகூடக் கண்ணு தப்பல.”

அவர் பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். “ரத்தினசாமி நெல்லுல தனியா எடுத்துவெச்ச சாம்பிள் இருக்குதுங்களே, அதை எடுத்து நாளைக்கே போடுங்க. நீங்களே எண்ணுங்க, எல்லார் முன்னாலயும். கண்ணு சரின்னா ஒரு வழி பண்ணலாம். கண்ணும் தப்புன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க மேடம். வெவசாயி பொழப்பு இதுல இருக்குது.”

சரியாகத்தான் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்து குப்புராஜைத் தேடினேன். தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்டுப் பழகாதது. அவர் வாங்கிப் பழகாதது. “அட விடுங்க மேடம், டீ சொல்லட்டுங்களா?” என்றார்.

ஜூலை 18, வியாழன்

நானூறு நெல். ஒவ்வொன்றாக வைத்தேன். வலது கையாலும் ஒரு வரிசை.

ஜூலை 22, திங்கள்

நான்காம் நாள். திறந்து பார்க்கவில்லை. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்தாம் நாள்தான் திறக்க வேண்டும். முளைப்பு அறை வாசல் வரை நான்கு முறை போனதை ஆக்னஸ் எண்ணியிருக்கிறாள். “அஞ்சாவது தடவ போனா அதையும் ஓரத்துல எழுதிருவேன்” என்றாள்.

ஜூலை 25, வியாழன்

பயிற்சிப் பெண்ணிடம் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். எழுபதும் எண்பதும். அவள் ஆச்சரியப்படவில்லை. ஒன்றிலிருந்து நூறு வரை வரிசையாகச் சொல்லச் சொன்னாள், பிசகாமல் சொன்னேன். இடையில் ஓர் எண்ணைக் காட்டினால்தான் தடுமாறுகிறது. இரண்டு சொல்லும் ‘எ’-வில் தொடங்குகின்றன, மூளையில் ஒரே அலமாரியில் இருக்கலாம் என்றாள். ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்கவில்லை.

வாய் இரண்டு வருடத்தில் சரியாகலாம். ஆகாமலும் போகலாம்.

ஜூலை 30, செவ்வாய்

இன்று சாப்பாட்டு நேரத்தில் ஆக்னஸ் திடீரென்று கேட்டாள். “மேடம், பதினெட்டு, இருபது இதெல்லாம் மாறுதுங்களா?”

“இல்லை.”

“அப்ப எதுக்குங் நீங்க முளைச்சத சொல்லணும்? முளைச்சது எப்பவும் எழுபது எண்பதுலதான் நிக்கும். முளைக்காதத சொல்லுங்க. மிச்சம் இத்தனன்னு. கழிக்கறது என் வேல.”

இத்தனை மாதமாக டாக்டர்கள், பயிற்சிப் பெண், நான், ஒருவருக்கும் தோன்றவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள்.

“இவ்வளவு நாள் நீ செய்ததுதானே இது” என்றேன்.

“அதான் தோணுச்சு. திருட்டுத்தனமா செய்யறத பகல்ல செய்யலாமேன்னு.”

ஆகஸ்ட் 1, வியாழன்

நேரமாகிவிட்டது, ஆனாலும் முழுவதும் எழுதுவேன்.

பதினான்காம் நாள். மேசையைச் சுற்றி முரளிதரன், குப்புராஜ், ரத்தினசாமி. ரத்தினசாமி செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார், யாரும் சொல்லாமலே. ஆக்னஸ் எனக்கு எதிரே, பதிவேட்டோடு. இன்று தோள்மேல் நிற்கவில்லை.

முதல் சுருளைப் பிரித்தேன். எண்ணினேன். நல்ல நாற்று வாளிக்குப் போனது. இரண்டு இடத்தில் சந்தேகம், தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றை வாளியில் போட்டேன், ஒன்றைத் தாளிலேயே வைத்தேன். ரத்தினசாமி அந்த ஒன்றைப் பார்த்து மூச்சு விட்டது கேட்டது. அவருக்காக அதை வாளியில் போட முடியாது. போட்டால் அப்புறம் என் கண் எதற்கு?

முடித்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“மிச்சம் பதினெட்டு” என்றேன்.

ஆக்னஸ் எழுதினாள். முரளிதரன் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு, தாளில் கிடந்ததைத் தானே எண்ணினார். அவருக்கு நாற்று தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். பதினெட்டு.

வாளியில் இருந்ததைக் குப்புராஜ் எண்ணினார். முதுகைப் பிடித்துக்கொண்டே எண்ணினார். 82.

“மிச்சம் பதினேழு.” “மிச்சம் இருபது.” “மிச்சம் பதினேழு.” ஒவ்வொன்றையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் பொருந்தியது. சராசரி மிச்சம் பதினெட்டு.

“நாளன்னைக்கு ஆடி பதினெட்டு. சாமி கணக்கு சரியா இருக்குதுங்” என்றாள் ஆக்னஸ்.

“நீ சர்ச்சுக்குப் போறவ” என்றார் குப்புராஜ்.

“நெல்லுக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான்.”

ரத்தினசாமி மேசையருகே வந்தார். மேசையில் கிடந்த அந்தச் சந்தேக நாற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “ஆமாங்க, இது வேரு பத்தாதுதான்” என்றார். விவசாயிக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கணவரோடு அமராவதிக்குப் போனேன். தண்ணீர் படி வரை வந்திருந்தது. வழுக்குமென்று கையைப் பிடித்தார். வலது கையை. நானும் பிடித்தேன், அழுத்தம் அவருக்குத் தெரிந்திருக்கும். திரும்பும்வரை விடவே இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பதிவேட்டில் ஆக்னஸ் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். தலைப்பு: மிச்சம். பேனாவில்.

முரளிதரன் ரத்தினசாமியின் புதிய அறிக்கையைக் கொண்டுவந்து என்முன் வைத்தார். ‘பரிசோதகர்’ என்ற இடம் காலியாக இருந்தது. “ஆகஸ்ட் கடைசி வரைக்கும் எதுக்குங்க” என்றார்.

முளைப்பு சதவீதம், எண்ணால்: 82. எழுத்தால் என்ற கோட்டில் நான் எழுதியது ‘எழுப’ வரை போனது. நானே பார்த்தேன். நானே அடித்தேன். எண்பத்திரண்டு என்று எழுதி, அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்டேன்.

பிறகு கீழே, இடது கையால், முழுக் கையெழுத்து. கோ பெரிதாகவும் ணி சாய்ந்தும் விழுந்தது.

முரளிதரன் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இது உங்க கையெழுத்து மாதிரியே இல்லீங்களே மேடம்.”

“இனிமேல் இதுதாங்க” என்றேன்.